வெட்டியது எலும்பைத்தான்

எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவனுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் எதிர்த்துப் பேசப் போகிறவன் போலத் தெரிவான். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மாவிடம், "பையன் கொஞ்சம் திமிரா இருக்கான்" என்றேன். "இல்லைங்க டீச்சர், அவன் முகமே அப்படித்தான்" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவன் என்ன தவறு செய்தான் என்று அன்று கேட்டிருந்தால் ஒன்றைக்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது.

சென்ற ஆண்டு பள்ளிக்கு வந்தான். தாடை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. "எவ்வளவு சாந்தமாயிட்டே!" என்றேன். அவன் சிரித்தான். "எலும்பைத்தான் டீச்சர் வெட்டினாங்க."

அதன்பிறகுதான் இதுபற்றித் தேடிப் படித்தேன். ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே, நம்பத்தக்கவரா, முரடரா என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது என்று 2006இல் வில்லிஸ், டோடரோவ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை. அதன்மீது இருந்த உறுதிதான் கூடியது. நம்மைச் சுடுவது 1973இல் கிளிஃபோர்ட், வால்ஸ்டர் செய்த ஆய்வு. அமெரிக்க ஆசிரியர்களிடம் ஒரே மதிப்பெண் அறிக்கையை வெவ்வேறு குழந்தைகளின் படங்களோடு கொடுத்தார்கள். அழகான முகம் ஒட்டியிருந்த அறிக்கைக்குரிய குழந்தையே அறிவுள்ளதாகத் தெரிந்தது. (டார்வினையே மூக்கின் வடிவத்தைப் பார்த்து, மன உறுதி இல்லாதவர் என்று கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் முதலில் தயங்கினாராம்.)

தாடை விஷயத்திலும் இப்படித்தான். நீண்ட கீழ்த்தாடையை முரட்டுத்தனமாகவும், உள்வாங்கிய தாடையைக் கோழைத்தனமாகவும் படித்துவிடுகிறோம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினால், அறிமுகமில்லாதவர்கள் பின்னதையே நல்ல குணமுள்ளவராகச் சொல்லும் போக்கு இருக்கிறது. ஆள் ஒருவரேதான்.

இந்தச் சிகிச்சை அழகுக்காக மட்டும் செய்வதல்ல. பெரும்பாலும் எலும்பு வளர்ச்சி நின்றபிறகே செய்கிறார்கள். பல மாதங்கள் பற்களுக்குக் கம்பி கட்டி, பிறகு வாய்க்குள்ளேயே கீறித் தாடையெலும்பை வெட்டி நகர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பொருத்துகிறார்கள். தாடை பொருந்தாதவர்களுக்கு முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் போகலாம். கடிப்பது சிரமம், 'ஸ' போன்ற ஒலிகளும் குழறும். இதைப் படித்தபோதுதான் அவனுடைய மதிய உணவு நினைவுக்கு வந்தது. எல்லோரும் வகுப்புக்குள் வந்தபின்பும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். வாசிக்கும்போது, "வாயைத் திறந்து படி" என்று எத்தனை முறை அதட்டினேன்!

அப்படிப்பட்ட குழந்தை வகுப்பில் இருந்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அரசுப் பல் மருத்துவமனைக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்லலாம். பட்டப்பெயர் வைத்து அழைப்பதை அன்றே நிறுத்தலாம்.

இந்த ஆண்டு என் குறிப்பேட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். 'அடங்காதவன்', 'அமைதியானவள்' என்று எழுதக் கை போனால், பக்கத்திலேயே தேதியும் அன்று நடந்ததும் எழுத வேண்டும். இதுவரை மூன்று பெயர்களுக்கு எதிரே எழுத எதுவும் கிடைக்காமல் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.