தெருமுனையில் பதினைந்து மாடி

கேள்வி: எங்கள் தெருமுனையில், மெயின் ரோட்டை ஒட்டிப் பல வருடமாகக் காலியாகக் கிடக்கும் மனையில் கீழே கடைகள், மேலே வீடுகள் என்று 15 மாடி கட்டப்போகிறார்களாம். வரவேற்பதா, எதிர்ப்பதா?
– ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: வரவேற்கலாம் அம்மா. லிஃப்டில் இறங்கினால் மளிகைக் கடை, மருந்துக் கடை என்று இருப்பது வயதானவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அதற்கு முன் ஒரு மழைநாளில் அந்த மனையைப் போய்ப் பாருங்கள். முழங்கால் தண்ணீரும் கோரைப்புல்லும் நின்றால், தெருவுக்கு வரவேண்டிய வெள்ளத்தை இத்தனை நாளும் தாங்கியது அந்த மனைதான். பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குப் பக்கத்தில்தானே! கட்டடம் எழுந்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள்.

மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கூலித் தொழிலாளர்கள். அதை நம்மால் மறக்க முடியாது.

அடுத்தது, கடைக்குச் சரக்கு இறக்கும் லாரி. வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை என்றால், உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். குடியிருப்பவர்களுக்குத் தனி வாசல், தனி லிஃப்ட், தனிப் படிக்கட்டு இல்லாத கட்டடத்தை நான் ஏற்கமாட்டேன்.

18.30 மீட்டரைத் தாண்டினாலே விதிப்படி அது உயரமான கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே, தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) மனு கொடுங்கள்.