சந்தாக் காசில் நிற்கும் சுதந்திரம்

சமூகப் பத்திரிகை நடத்துவது சேவையா, வியாபாரமா? இக்கேள்வியை என்னிடம் கேட்போர் பலர். இரண்டும்தான் என்பது எனது பதில். இதை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் யூதர்கள் நடத்திய ஒரு வாரப் பத்திரிகையின் வரலாற்றை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பொஹீமியாவில் பிறந்த ஐசாக் மேயர் வைஸ் என்ற யூத மதகுரு 1846இல் அமெரிக்கா வந்தார். 1854இல் சின்சினாட்டியில் பொறுப்பேற்ற அவர், அதே ஆண்டு ஜூலை 15இல் 'தி இஸ்ரேலைட்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நட்டம் வந்தால் தானே ஈடுசெய்வதாக அச்சகத்தாருக்கு அவர் வாக்களித்திருந்தார். முதல் வருடத்திலேயே சுமார் 600 டொலர் நட்டம். வாக்களித்தபடி தன் கையிலிருந்தே கட்டினார்.

அதன்பின் அவர் செய்தவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வாசகரைத் தேடிப் போனார். ஊர் ஊராகப் பிரயாணம் செய்து சந்தாதாரர்களைச் சேர்த்தார். அடுத்த வாரமும் பத்திரிகையை எதிர்பார்க்க வைக்கத் தானே தொடர்கதைகள் எழுதினார். ஜெர்மன் மொழி வாசிப்போருக்காக 1855இல் 'டி டெபோரா' என்ற இணைப்பையும் வெளியிட்டார்.

இரண்டாவது, பக்கத் தொழில் ஒன்று துணை நின்றது. மனைவியின் சகோதரர் எட்வர்ட் புளொக் அச்சிடும் பொறுப்பை ஏற்றார். அவரது நிறுவனம் பத்திரிகையோடு நின்றுவிடாமல் பிரார்த்தனை நூல்கள் போன்றவற்றையும் அச்சிட்டு விற்றது. பத்திரிகையின் வாசகரே அந்நூல்களுக்கும் வாடிக்கையாளர்.

மூன்றாவது, வாரிசை உருவாக்கினார். மகன் லியோ வைஸ் வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். 1874இல் 'தி அமெரிக்கன் இஸ்ரேலைட்' எனப் பெயர் மாறிய அப்பத்திரிகை, 1900இல் ஸ்தாபகர் காலமான பின்பும் நிற்கவில்லை. 2024இல் 170 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தது. இதற்கு மாறாக, பிலடெல்பியாவில் ஐசாக் லீசர் 1843இல் தொடங்கிய 'தி ஒக்சிடென்ட்' சஞ்சிகை அவர் 1868இல் மறைந்த மறு வருடமே நின்றுபோனது. ஒருவரின் தோளில் மட்டும் ஏற்றிய சுமை அவரோடு இறங்கிவிடும்.

அமெரிக்காவின் பல நகரங்களில் யூதப் பத்திரிகையின் செலவை யூத சமூக நிதிச் சம்மேளனங்கள் ஏற்பதுண்டு. அதில் நட்டப் பயம் குறைவு. ஆனால் பணம் கொடுப்பவரின் கணக்கைப் பற்றி எழுதப் பேனா தயங்கும். சுயமாக நிற்கும் பத்திரிகைக்கு அத்தயக்கம் குறைவு. மாதக் கடைசிப் பயமோ அதிகம். பொஸ்டனில் 1902இல் தொடங்கிய 'ஜூவிஷ் அட்வகேட்', கொவிட் தொற்றின்போது 2020இல் அச்சை நிறுத்தியது. நூற்றாண்டுப் பெருமை அச்சுக் கூலியைக் கட்டாது.

இங்கே எனது சொந்தத் தவறொன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் எனது கடை விளம்பரத்தை ஒரு சிறு பத்திரிகைக்குக் கொடுத்தேன். பில் வந்தது. "நம்மட ஆக்கள்தானே, ஆறுதலாகக் கொடுக்கலாம்" என்று லாச்சியில் போட்டேன். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கு ஒரு கிழமை பிந்தாத நான், பத்திரிகைக்கு ஐந்து மாதம் பிந்தினேன். ஆசிரியர் வெட்கத்தால் கேட்கவில்லை. நான் காசை எடுத்துக்கொண்டு போனபோது காரியாலயம் பூட்டியிருந்தது. என்னைப் போல் இன்னும் எத்தனை பேரின் லாச்சியில் அந்தப் பத்திரிகையின் உயிர் கிடந்ததோ!

ஆகவே, பத்திரிகை நடத்துவோருக்கு: கடனைக் கேட்க வெட்கப்படாதீர்கள், ஒரே விளம்பரதாரரில் தங்காதீர்கள், பக்கத் தொழிலொன்றை வைத்திருங்கள், இன்றே ஒரு வாரிசைப் பழக்குங்கள். வாசகருக்கும் வியாபாரிகளுக்கும்: பலரது சிறு காசு சேர்ந்தால்தான் பத்திரிகை எவருக்கும் அடிமையாகாது.

இன்று கடை பூட்டுமுன் உங்கள் லாச்சியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.