சங்குக் காசை இணைய ஏலத்தில் விற்கும் முன்

திருப்புறம், பூவார், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் அடியில் நாலு சக்கரக் காசாவது கிடக்கும். களியக்காவிளையில் மாநில எல்லை வந்தது 1956 நவம்பர் 1-இல்தான். காசு அதற்கு முந்தியது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோடு, கல்குளம் வீடுகளிலும் இதே சங்கு போட்ட திருவிதாங்கூர்க் காசுதான் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் கைபேசியில் ஏலப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன வெலை கிட்டும்?" என்று கேட்கிறார்கள். சொந்த வீட்டுக் காசையும் அக்கம்பக்கத்தார் காசையும் விற்றுக் கொடுத்த பழக்கத்தில் சில குறிப்புகள் சொல்கிறேன்.

1. தேய்க்காதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு விஷுவுக்கு முந்தின நாள், கணி வைக்கும் உருளியில் போடுவதற்காகப் பாட்டி எனக்கு ஒரு வெள்ளி அரை ரூபாய் எடுத்துக் கொடுத்தார். குத்துவிளக்கு துலக்கிய புளியும் சாம்பலும் பக்கத்திலேயே இருந்தன. காசையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னியது. பாட்டி கையில் வாங்கிப் பார்த்து, "மக்களே, அதுக்க முகத்த அழிச்சுப் போட்டியே" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. பல வருடம் கழித்து அதே காசை ஏலத்தில் போட்டபோது முதலில் வந்த கேள்வியே, "இது கழுவின காசா?" என்பதுதான். தேய்க்காத காசு போகும் விலையில் பாதிகூட அதற்குக் கிடைக்கவில்லை.

வெள்ளியில் படியும் கருமையும், செம்பில் ஏறும் காப்பிப்பொடி நிறமும் அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகமும் ஈரமும் உலோகத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் உண்டாகும் மேல்தோல் அது. புளி, எலுமிச்சை, பல்பொடி, விபூதி எது பட்டாலும் அந்தத் தோல் உரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். அதைத் திரும்ப மறைக்க வழியே இல்லை. மண் ஒட்டியிருந்தால் மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரவு ஊறப் போட்டு, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவதுதான், துடைப்பது இல்லை. செம்புக் காசில் பச்சைப் பொடி உதிர்ந்தால் அதை மற்றக் காசுகளோடு போடாமல் தனியே வையுங்கள்.

2. மஞ்சளேறிய பழைய பிளாஸ்டிக் உறைகளிலிருந்து காசை இன்றே வெளியே எடுங்கள். பி.வி.சி. உறை நாளானால் கசிந்து, காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். அட்டைக்கு நடுவே ஜன்னல் வைத்த நாணய உறைகள் மலிவாகவே கிடைக்கின்றன. எங்கள் ஊர்ப்புறத்தில் இடவப்பாதி மழையும் துலாவர்ஷ மழையும் பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுவந்து விடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கூடவே போடுங்கள்.

3. கையில் இருப்பது என்ன காசு என்று முதலில் படித்து அறியுங்கள். திருவிதாங்கூர்க் கணக்கு இது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கர வித்தியாசத்தைச் சொல்லிச் சந்தையில் சண்டை நடந்த கதைகள் எங்கள் பாட்டிமாரிடம் நிறைய உண்டு.

வெள்ளிப் பணத்திலும் அரை ரூபாயிலும் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்து, "ஆயிரத்து நூறாம் வருஷத்துக் காசு, தொள்ளாயிரம் வருஷப் பழசு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். சிங்கம் முதல் தனு மாதத்தின் நடுப்பகுதி வரை என்றால் 824. கொல்லம் ஆண்டு 1112 துலாம் 27-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவு விளம்பரம் வெளியிட்டார். ஆங்கிலக் கணக்கில் 1936 நவம்பர் 12. உங்கள் கையிலுள்ள காசில் 1112 என்று இருந்தால், அந்த வருடத்துக் காசு என்பதை விவரத்தில் ஒரு வரி எழுதுங்கள். சரித்திரம் தெரிந்து வாங்குகிறவர் அந்த வரியில் நின்று பார்ப்பார்.

4. தங்க எடை பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கிராமில் இரண்டு தசமம் காட்ட வேண்டும். எடையும் விட்டமும் கொடுக்காத காசுக்குத் தெரிந்தவர்கள் கை நீட்ட மாட்டார்கள், ஏனென்றால் வார்ப்புப் போலிகளில் முதலில் பிசகுவது எடைதான். வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். ஒன்றொன்றாக எண்ண முடியாது என்றுதான் சிறு குழிகள் வரிசையாகக் குடைந்த மரப்பலகை வைத்திருந்தார்கள். சக்கரத்தை அள்ளிப் பலகையில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும், மிச்சம் வழிந்துவிடும். பலகை நிறைந்தால் எண்ணிக்கை சரி. வீட்டுப் பரணில் அப்படியொரு பலகை கிடந்தால் விறகோடு சேர்த்துவிடாதீர்கள். நாணயம் சேர்ப்பவர்கள் அதையும் தேடுகிறார்கள்.

5. கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு காசுக்கு லட்சம் என்று எழுதி வைக்கலாம். அது விலை ஆகாது. மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியல்களில், எந்தக் காசு எந்தத் தரத்தில் என்ன தொகைக்குப் போனது என்று தெரியும். அதே ஆண்டு, அதே வகை, ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ள மூன்று நான்கு விற்பனைகளைக் குறித்துக்கொண்டு நடுவிலுள்ள தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். வகையை அடையாளம் காண நூமிஸ்டா தளம் உதவும். திருவிதாங்கூர்க் காசுகளுக்கென்றே பீனா சரசன் எழுதிய ஆங்கில நூலும் உண்டு.

6. படம். வாங்குகிறவருக்குக் காசைத் தொட வழியில்லை, அவருக்குக் கண் மட்டும்தான். காலை பத்து மணிக்கு, நேர்வெயில் விழாத ஜன்னலோரம் சாம்பல் நிறத் தாளில் காசை வையுங்கள். இருபுறமும் இரண்டு புத்தக அடுக்கு வைத்து அதன் மேல் கைபேசியைக் கிடத்துங்கள், கை நடுங்காது. பிளாஷ் வேண்டாம், வெள்ளி வெளுத்துப்போகும். மிக அருகே கொண்டுபோகாமல் ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முன், பின், விளிம்பு, அளவுகோல் பக்கத்தில் ஒன்று என நாலு படம் போதும். பிறகு நிறத்தை மாற்றும் ஆப்புகளைத் தொடாதீர்கள். காசு கையில் கிடைத்ததும் நிறம் வேறாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூடவே கெட்ட பெயரும் வரும்.

சங்கின் வரிகள் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்பதுதான் எங்கள் காசுகளில் முதலில் பார்ப்பது. சங்கின் வாய்ப்பக்கத்து மடிப்பு தேயாமல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

7. தலைப்பை ஆங்கிலத்தில்தான் போட வேண்டியிருக்கும். குஜராத்திலும் மும்பையிலும் இருந்து தேடுகிறவர்கள் கேட்டலாக் எழுத்தில்தான் தேடுவார்கள். அங்கே காசு 'கேஷ்' ஆகிவிடும், பணம் 'ஃபனம்' ஆகிவிடும். சக்கரத்துக்கு வெள்ளைக்காரர் காலத்து எழுத்து, சி-எச்-யூ-சி-கே என்று தொடங்கும். நாம் உச்சரிக்கிற மாதிரி எழுதினால் அவர்கள் தேடலில் அது அகப்படாது. அரசர் பெயர், மதிப்பு, கொல்லம் ஆண்டு, உலோகம், எடை, கேட்டலாக்கின் கே.எம். எண் என்று வரிசையாக எழுதுங்கள். "அரியது", "கிடைக்காதது" என்ற சொற்கள் வேண்டாம். காசு அரிதா இல்லையா என்பது வாங்குகிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஓரத்தில் அடி, தாலிச்சரட்டில் கோக்கப் போட்ட துளை, தேய்த்த தடம் எதுவானாலும் எழுதிவிடுங்கள். ஒளிக்காமல் எழுதும் விற்பனையாளரின் அடுத்த காசுக்கு ஆட்கள் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

8. சாதாரணச் செம்புக் காசுகளை இருபத்தைந்து, ஐம்பது என்று சேர்த்துப் போடுங்கள். தனித்தனியே அனுப்பினால் தபால் செலவே விலையைத் தின்றுவிடும். நல்ல ஆண்டும் நல்ல நிலையும் உள்ள ஒன்றைக் கூட்டத்தில் போடவே கூடாது. ஒரே வகையில் பத்து இருந்தால் பத்தையும் ஒரே வாரத்தில் இறக்காதீர்கள், இரண்டிரண்டாக விடுங்கள்.

9. தொடக்க விலை எவ்வளவு? பலர் தேடும் காசு என்றால் குறைவாகத் தொடங்குங்கள். நாலு பேர் கை வைத்தபின் ஏலம் தானே ஏறும். இரண்டு மூன்று பேர் மட்டுமே தேடும் காசு என்றால், நீங்கள் இழக்கத் தயாரில்லாத தொகையையே தொடக்கமாக வையுங்கள், அல்லது ரிசர்வ் விலை குறியுங்கள். ஞாயிறு இரவு எட்டிலிருந்து பத்துக்குள் முடியும்படி வைப்பது நல்லது. சம்பளம் வந்த வாரம் இன்னும் நல்லது.

10. மச்சானையும் மருமகனையும் விட்டு விலை ஏற்றிக் கேட்கச் செய்யாதீர்கள். அது மோசடி. பிடிபட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

11. காசு உண்மையிலேயே பெரிது என்று தெரிந்தால் நீங்களே போடாமல் ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பதே மேல். அவர்கள் அச்சுப் பட்டியலில் வரும்போது கேட்கிறவர்களே வேறு ரகம். கொடுக்கும் முன் நான்கு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: கமிஷன் எவ்வளவு, படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும்.

12. சட்டம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். கொல்லம் ஆண்டு 1100 வரையிலான காசுகளெல்லாம் இப்போது அந்தக் கணக்கில்தான். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ எவ்வளவு கொடுத்தாலும் சரி. வாங்கி விற்பதைத் தொழிலாகவே செய்வதென்றால் தொல்லியல் துறையின் உரிமமும் வேண்டும்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது நம் பொருளல்ல. கேரளத்தில் அதற்கென 1968-இல் தனிச் சட்டமே வந்தது. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய தொழிலுறுதித் திட்டப் பெண்களுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்திருக்கிறார்கள். உள்ளே பொன் நகைகளும் பழைய நாணயங்களும். அப்படியே போலீசிடம் ஒப்படைத்தார்கள். வாழைக்குழி வெட்டும்போது சட்டி கிடைத்தால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

13. ஏமாற்று. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் என்று வரும் செய்தி பொய். அது 2012-இல் ஏராளமாக அடித்த காசு. ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அணாவும் பொய். கம்பெனி அப்படியொரு காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும் செம்பு, இரிடியம் என்று சொல்லி எல்லையின் இருபக்கமும் எத்தனையோ குடும்பங்களின் நிலத்தை விற்க வைத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு எடுத்தவரிடம் காசைக் காட்டவே வேண்டாம்.

"ரிசர்வ் வங்கி வாங்குகிறது, முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்கு எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண் போடத் தேவையில்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்குத்தான். ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

14. அனுப்பும்போது காசை உறையோடு இரண்டு கனமான அட்டைகளுக்கு நடுவே ஒட்டுங்கள். குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. எடை காட்டுவதிலிருந்து ஒட்டி முடிப்பது வரை ஒரே காட்சியாகக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். சில கூரியர்கள் காசை எடுப்பதில்லை. தபால் நிலையத்தில் இன்ஷ்யூர் செய்து அனுப்புவதே நல்லது. பணம் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். கைபேசியில் அவர்கள் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்ப வேண்டாம்.

15. விற்பதற்கு முன் ஒரு நாள் நெடுமங்காடு கோயிக்கல் கொட்டாரத்துக்குப் போய்வாருங்கள். அங்கே கேரளத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. ராசிப் பணம், அனந்தராயன் பணம் முதல் நம் சங்குக் காசு வரை கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பார்க்கலாம். வீட்டிலிருப்பது என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும். திரும்பி வந்து, இந்தக் காசு யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் விற்காமல் எடுத்து வையுங்கள். அடுத்த விஷுக்கணிக்கு அது வேண்டும், தேய்க்காமல் அப்படியே.