கன்னத்தில் இரண்டு கட்டங்கள்

அண்ணன் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பரு விட்டுப்போன கரும்புள்ளி மறையணும்னு ஒரு பார்லரில் ஐ.பி.எல். ஒளி சிகிச்சை செய்துகொண்டேன். 150 வெள்ளி. சுரீர்னு எரிந்தது. "அப்படித்தான் இருக்கும் தங்கச்சி" என்றார் அந்த அக்கா. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் கொப்புளம். இப்போது இரு கன்னத்திலும் கருவி முனையின் அளவுக்கே நீள்சதுரத் தழும்பு.

பொறியியல் படிக்கிறவள், முன்பே யோசித்திருக்க வேண்டும். ஐ.பி.எல். ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீள ஒளியைப் பாய்ச்சும். அதை உறிஞ்சிச் சூடாவது மெலனின். கரும்புள்ளியில் மட்டுமா மெலனின் இருக்கு? நம்ம மாதிரி கறுத்த தோல் முழுக்க இருக்கு! புள்ளிக்குப் போகவேண்டிய சூடு மேல்தோலையே வேகவைத்துவிட்டது. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். நம் நிறத்துக்கு லேசர் தேவைப்பட்டால் மருத்துவர்கள் பெரும்பாலும் 1064 நானோமீட்டரை நாடுவது அதனால்தான்.

மலேசியாவில் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று இருக்கணும், தம்பி தங்கச்சிகளே. அதைக் கேளுங்க. நான் விலையை மட்டும்தான் கேட்டேன்.

கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்க அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டேன்.