அருங்காட்சியகத்தில் ஹவ்ரூத்தா

கேள்வி: சமய மரபுகளின் பாடமுறை மானிடவியலுக்கும் அருங்காட்சியகக் கல்விக்கும் உதவுமா?

பதில்: உதவும். யூதர்களின் ஹவ்ரூத்தா என்பது இருவர் சேர்ந்தமர்ந்து, சமயச்சட்ட விவாதத் தொகுப்பான தால்முதை உரக்கப் படித்து, ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தும் திருத்தியும் பொருள் காணும் முறையாகும். அச்சிட்ட தால்முத் பக்கத்தில் நடுவே மூலமும், ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் விளக்கமும், மறுபுறம் அவரோடு முரண்படத் தயங்காத பின்னோரின் குறிப்புகளும் நிற்பதால், ஏடே விவாதத்துக்கு அழைக்கிறது. உரைமரபு அறிந்த தமிழருக்கு இது வியப்பன்று. அருங்காட்சியகத்தில் ஏட்டுக்குப் பதிலாக ஒரு சடங்குவிளக்கை வைத்து, விளக்க அட்டையைப் படிக்குமுன் அதன் கறையையும் தேய்ந்த கைப்பிடியையும் சுட்டி இருவர் வாதிட்டால், தம் முன்முடிவுகளையே ஆய்வுக்குட்படுத்தும் தன்னாய்வு நோக்கு எனும் மானிடவியல் பழக்கத்துக்கு வழி பிறக்கும். ஆயினும் அவ்விளக்கை ஏற்றும் சமூகத்தவர் உரையாடலில் இல்லையெனில், வெறும் ஊகமே அறிவாக நிலைத்துவிடக்கூடும். அதைத் திருத்த அட்டை மட்டும் போதாது.