குடவோலையும் கோயில் நம்பிமாரும்

திருக்கோயில் சுவர்களில் வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களைப் பழைய அரசர்களின் தானக் கணக்கு என்று எண்ணியே ஸேவார்த்திகளுள் பெரும்பாலோர் கடந்து செல்வர். நந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகள் இத்தனை, திருவமுதுக்கு விட்ட நிலம் இவ்வளவு என்னும் செய்தியே அவற்றில் மிகுதி என்பதும் உண்மையே. ஆயினும் உத்தரமேரூர் ஸ்ரீவைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள இரண்டு சாசனங்கள் வேறு வகையின. ஊர்ப்பொறுப்பை ஏற்கத் தக்கவர் யார், தகாதவர் யார், தக்கவரைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்பனவற்றை அவை விரித்துரைக்கின்றன. வேதமும் தர்மசாஸ்திரமும் கற்றவர்கள் அக்கல்வியை ஊர் நிர்வாகத்தில் எவ்வாறு கைக்கொண்டனர் என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

மதிரை கொண்ட கோப்பரகேசரி எனப்பெறும் முதற்பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்றும், 14-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) மற்றொன்றுமாக, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து மகாசபையார் அரசன் ஆணைவழி வந்த அதிகாரி உடனிருக்கச் செய்த விவஸ்தைகள் இவை. 1898-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் இவற்றைப் படியெடுத்தனர். முதல் ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டது என்பது கருதத்தக்கது. முன்னர் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது, பின்னர் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாற்றப்பட்டது. கல்லில் வெட்டிய விதியையும் குறை கண்டவிடத்துத் திருத்தி, அத்திருத்தத்தையும் கல்லிலே வெட்டுவித்தனர்.

வாரியத்துக்கு வருபவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாகவும், மந்த்ரபிராமணம் அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும். ஒரு வேதத்திலும் ஒரு பாஷ்யத்திலும் வல்லவனாயின் அரைக்கால்வேலி நிலமே போதும். கல்வியின்பொருட்டுச் செல்வத்தின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவனுக்கு மீண்டும் இடமில்லை.

தகாதவர் பட்டியலில் முதலில் நிற்பவன் கொலைஞனோ கள்வனோ அல்லன். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன். அவன் மட்டுமன்று. அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சிற்றன்னை பேரன்னை மக்கள் எனச் சுற்றம் முழுவதும் குடவோலைக்குப் பெயர் எழுதப் பெறாது. ஒருவன் செய்த குற்றத்துக்கு உறவினர் பொறுப்பாவதா என்று இக்காலத்தார் வினவலாம், வினா நியாயமானதே. ஆனால் தான் ஒதுங்கிக்கொண்டு மைத்துனனை முன்னிறுத்தும் வழக்கம் அக்காலத்தார்க்கும் தெரிந்திருந்தது என்பதை இவ்விதி காட்டிக்கொடுக்கிறது.

இனி, தெரிந்தெடுக்கும் முறை. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாக வாயோலை பூட்டிக் கட்டிக் குடத்தில் இடுவர். பாலரும் விருத்தரும் உட்பட மகாசபை நிறையக் கூடியிருக்கும். அன்று உள்ளூரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூஜை செய்வார், ஒருவர் ஒழியாமல் உள்மண்டபத்தில் சபையிலே இருத்தல் வேண்டும். அவர்களுள் வயதில் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அவனே மீண்டும் ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரலும் அகல வைத்து உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். அவ்வாறு வாசித்த ஓலையை மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் அனைவரும் வாசித்த பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரலை அகல விரிப்பது எதற்காக? வேறோர் ஓலை விரலிடையில் மறைந்து வாராமைக்கு என்றே கொள்ள வேண்டும். நம்பிமாரை ஏன் வைத்தனர்? நாள்தோறும் எம்பெருமான் திருமேனி தீண்டுபவர் பொய்யோலை வாசிக்கமாட்டார் என்று ஊர் நம்பிற்று. அந்த நம்பிக்கையிலும் ஒருவரை மட்டும் நம்பிவிடாமல் அனைவரையும் வாசிக்கச் செய்தது. அர்ச்சகர் குலத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையும் இல்லை, இதைவிடப் பெரிய எச்சரிக்கையும் இல்லை.

இதனை இக்கால வாக்குச்சீட்டுக்கு நேர் என்று மேடைகளில் பேசுவதுண்டு. அது பொருந்தாது. இது திருவுளச்சீட்டு; பெரும்பான்மை எண்ணிக்கைக்கு இங்கு இடமில்லை. நிலமற்றவர், வேதம் ஓதாதவர், பெண்டிர் எவர் பெயரும் அக்குடத்தில் இல்லை; அது பிரம்மதேய ஊர். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அமைந்த ஊராட்சிகளில் இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் நிற்கலாம். தமிழகத்தில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் வந்தது. இவ்வகையில் இன்றைய குடம் பெரிது.

கணக்கில் மட்டும் பழைய குடம் கடுமையானது. தேர்தல் செலவுக் கணக்கை உரியவாறு தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டு தகுதியிழக்கச் செய்ய 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடம் தருகிறது. உத்தரமேரூரிலோ, கணக்கு எழுதுபவனே நேரில் வந்து தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தன் என்று ஏற்கப்பட வேண்டும். அவன் கணக்கை முடித்துக்கொடுக்க மற்றொரு கணக்கன் புகுதல் ஆகாது. பதவியில் இருக்கும்போதே அபராதம் கண்டால் அன்றே விலக்கு. கிராமசபை கூடும் நாட்களில் வரவு செலவு வாசிக்கப்படும் வேளையில் எழுந்து செல்பவர்கள் இவ்விதியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

முப்பது பெயர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். முந்நூற்றறுபது நாள் அவர்கள் பணி. காஞ்சீபுரம் சென்று பெருமாளை ஸேவிக்கும் அன்பர்கள் சற்றுத் தென்கிழக்கே சென்று உத்தரமேரூரையும் கண்டு வரலாம். அந்தச் சுவர்மீது சாயாமலும், விளக்கெண்ணெயும் கற்பூரப் புகையும் படியாமலும் பார்த்துக்கொள்வது நலம். அந்த அறுவர் காவல் செய்த ஏரியில் மழைக்காலத்தில் இன்றும் நீர் நிற்கிறது.