கிணற்று நீரில் பீடைநாசினி கலந்துள்ளதா? அறியும் முறை

யாழ்ப்பாணத் தீவுகளில் ஆறுகள் இல்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் மாரி மழை நிலத்துள் இறங்கி, மணலிலும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் தங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. பயிருக்கு இறைப்பதும் வீட்டுக்கு எடுப்பதும் இந்நன்னீரே. ஆதலின் வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கும் மருந்து, மழைநீருடன் கல்வெடிப்பு வழியே விரைவில் கிணற்றை அடையக்கூடும்.

தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம். நிறத்தையும் மணத்தையும் கொண்டு நீர் தூயதெனத் துணிதல் தவறு. சுவைத்துப் பார்ப்பது ஆபத்து. தவளையோ மீனோ திடீரெனச் செத்து மிதத்தல், மருந்து வாடை வீசுதல் ஆகியன ஐயத்துக்குரிய குறிகள் மட்டுமே. உறுதியான சான்று ஆய்வுகூடப் பரிசோதனையே.

பரிசோதனைக்கு நீர் எடுத்தல்

1. விவசாயப் போதனாசிரியரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கண்டு, நீரை எங்கு அனுப்புவது, எவ்வளவு வேண்டும் என்பவற்றைக் கேட்டறிக.

2. ஆய்வுகூடம் தரும் கபில நிறக் கண்ணாடிப் போத்தலையே பயன்படுத்துக. வெற்று மருந்துப் போத்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

3. கைகளை நன்கு கழுவுக. மருந்து கலக்கிய வாளியால் நீர் அள்ளாதீர்.

4. போத்தலை இறுக மூடி, ஒளி படாது பனிக்கட்டியில் வைத்து, இயன்றால் அன்றே சேர்ப்பிக்க.

5. கிணற்றின் இடம், திகதி, அண்மையில் தெளித்த மருந்துகளின் பெயர், தெளித்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுக. எம்மருந்தைத் தேடுவதென அறியாவிடில் பரிசோதனை பயன்தராது போகலாம்.

6. மழைக்கு முன் ஒரு முறையும், ஐப்பசி கார்த்திகையில் முதற் பெருமழையின் பின் மறுமுறையும் எடுத்தல் நன்று.

ஐயம் ஏற்படின்

முடிவு வரும்வரை அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்கவைத்தலையோ குளோரீன் இடுதலையோ நம்பலாகாது; அவை கிருமியைக் கொல்லுமேயன்றி மருந்தை முற்றாக நீக்கா. கிணற்றை ஒரேயடியாக இறைத்து வற்றச்செய்தலும் கூடாது. கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணறு கெடும்.

வருமுன் காத்தல்

தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவாதீர். கழுவிய நீரை மருந்து தெளித்த பயிருக்கே தெளித்துவிடுக. வெற்றுப் போத்தலை மூன்று முறை அலசித் துளையிடுக. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற, சிட்டை ஒட்டிய மருந்தையே வாங்குக. 1998இல் தடைசெய்யப்பட்ட எந்தோசல்பான் போன்ற பழைய மருந்து கைவசமிருப்பின், அதனைப் புதைக்கவோ ஊற்றவோ செய்யாது போதனாசிரியருக்கு அறிவிக்க.

தீவின் நிலத்தடி நீர் ஊர் முழுவதற்கும் பொது. ஒருவர் கிணற்றடியில் சிந்திய மருந்து அயலவர் குடத்தையும் சென்றடையலாம்.